பட்டுப்போன மரமா? அவசரப்பட்டு வெட்டாதீங்க... சரக்கொன்றை வளர்ப்பு டிப்ஸ்!

பங்குனி வெயில் ஏறியதும், வாசலில் நிற்கும் சரக்கொன்றை இலைகளைக் கொட்டிவிட்டு வெறும் குச்சியாக நிற்கும். ‘மரம் பட்டுப்போச்சு, வெட்டிடலாம்’ என்று யாராவது அரிவாளைத் தேடுவார்கள். சில வாரங்கள் பொறுத்தால், அதே கிளைகளில் மஞ்சள் சரங்கள் தொங்கும்.

சரக்கொன்றை, இலையுதிர்க்கும் மரம். வறண்ட காலத்தில் இலை வழியாக வீணாகும் நீரை மிச்சப்படுத்தவே இந்த ஏற்பாடு.

உயிர் இருக்கிறதா?
சிறு கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. ஒரு கிளை காய்ந்திருந்தாலும் முடிவுக்கு வராமல், இன்னும் சில கிளைகளைச் சோதியுங்கள்.

விதையிலிருந்து வளர்க்க...
முற்றிக் கறுத்த நீளக் காயை உடைத்தால், பிசுபிசுப்பான சதைக்குள் விதைகள் இருக்கும். கழுவி எடுங்கள். விதையின் தோல் மிகக் கடினமானது. அப்படியே போட்டால் முளைக்க நாளாகும். ஓரத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து விதையுங்கள். காயின் சதை பேதியை உண்டாக்கும். குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே நடலாம்?
நாள் முழுக்க வெயில் படும், தண்ணீர் தேங்காத இடம் வேண்டும். 30 அடிக்கு மேலும் வளரும் என்பதால், மின்கம்பிக்குக் கீழே வேண்டாம். சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளி நடுங்கள்.

பராமரிப்பு
முதல் இரண்டு கோடைகளில் தவறாமல் தண்ணீர் ஊற்றுங்கள். நன்கு வேரூன்றிய மரம் வறட்சியைத் தாங்கும். இலை உதிர்ந்ததைப் பார்த்துப் பதறி, குடம் குடமாக ஊற்ற வேண்டாம். வேரில் நீர் தேங்கினால்தான் ஆபத்து.

கிளைகளைக் கழிப்பதாக இருந்தால், பூத்து முடிந்த பிறகு செய்யுங்கள். பூக்கும் முன் வெட்டினால், அந்த வருடப் பூக்களும் சேர்ந்து போய்விடும்.

இலைகளைப் பச்சைப் புழுக்கள் தின்கின்றனவா? பெரும்பாலும் அவை வெளிர் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் குழந்தைகள். மருந்து அடிக்காதீர்கள், வளர்ந்த மரம் மீண்டும் துளிர்த்துவிடும்.

விதையிலிருந்து வந்த மரம் பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். பூத்துவிட்டால், ஒவ்வொரு சித்திரையிலும் வாசலில் மஞ்சள் தோரணம்தான். கேரளத்தில் விஷுக்கனியில் வைப்பதும் இதே பூவைத்தான்.

அதனால், மொட்டை மரத்தைப் பார்த்ததும் அரிவாளை எடுக்காதீர்கள். முதலில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.