துபாய் காரை ஊருக்குக் கொண்டு வர முடியுமா? வரி எவ்வளவு?

வெளிநாட்டு வேலையை முடித்துத் திரும்புபவர்கள் பலரின் கேள்வி: ‘ஓட்டின காரையே கொண்டு வந்துடலாமா?’ துபாய், கத்தார் கார் என்றால் வாய்ப்பே இல்லை. அங்கே ஸ்டீயரிங் இடதுபக்கம். இந்தியாவுக்கு வலதுபக்கம் இருக்க வேண்டும். சிங்கப்பூர் கார் இந்த விதியில் தப்பும். ஆனால் தயாரித்து 3 ஆண்டுகளைத் தாண்டியிருக்கக் கூடாது. பழைய காரைச் சென்னையில் இறக்கவும் முடியாது. மும்பை துறைமுகம் மட்டுமே.

அடுத்து வரி. 2025 பட்ஜெட்டில் பழைய கார்களுக்கான அடிப்படை சுங்க வரி 125 சதவீதத்திலிருந்து 70 ஆகக் குறைந்தது. அவசரப்பட்டு சந்தோஷப்பட வேண்டாம். கூடவே 67.5 சதவீத வேளாண் செஸ் வந்துவிட்டது. முன்பு சமூகநலக் கூடுதல் வரியோடு மொத்தம் 137.5, இப்போதும் அதே 137.5. அதற்கு மேல் பெரிய கார்களுக்கு 40 சதவீத ஜிஎஸ்டி. சுங்கத் துறை 10 லட்சம் ரூபாய் என மதிப்பிடும் கார், 33.25 லட்சத்தில் வந்து நிற்கும். சாலை வரி தனி.

உள்நாட்டுத் தொழிலைக் காக்க வரி வேண்டும் என்பது நியாயமான வாதம். ஆனால் அடிப்படை வரியில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு, செஸ்ஸில் கிடையாது. வாங்குபவருக்கு ஒரு பைசாகூட குறையாமல், மாநிலங்களின் பங்கை மட்டும் குறைப்பதற்குப் பெயர் வரிக்குறைப்பு அல்ல.