மண்ணுக்குக் கரி வைத்தியம்: முதலில் நோய் தெரியட்டும்

வாடிப்பட்டி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் தேங்காயும் கொப்பரையும் ஏலம் போகின்றன. பருப்பை எடுத்தபின் மிஞ்சும் சிரட்டைக்கும் இன்று நல்ல விலை உண்டு. அதைச் சுட்டுத் தொட்டிக்கரியாக்கி, ஆலையில் 800 முதல் 1,000 டிகிரி வெப்பத்தில் நீராவி பாய்ச்சினால் 'ஆக்டிவேட்டட் கார்பன்' எனப்படும் கிளர்வூட்டிய கரி கிடைக்கிறது. குடிநீர் வடிகட்டிக்குள் இருக்கும் அதே கரிதான். நீராவி அதன் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகளைக் குடைந்துவிடுகிறது. ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்தால் ஏறக்குறைய ஆயிரம் சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் 25 சென்ட். அரை டீஸ்பூன் தூளுக்குள் கால் ஏக்கர் நிலம்! அந்தப் பரப்பில் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி மூலக்கூறுகள் போய் ஒட்டிக்கொள்ளும். நஞ்சேறிய வயலை இந்தக் கரியால் மீட்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதே என் பதில். ஆனால் எல்லா நஞ்சுக்கும் முடியாது, எல்லா வயலிலும் முடியாது. எந்த வயலில் எந்த நஞ்சு என்று சோதித்துச் சொல்ல ஆளில்லாதவரை, இது விவசாயி தலையில் ஏறும் இன்னொரு செலவாகத்தான் முடியும்.

கரி வேலை செய்யும் என்பதற்குச் சான்று இருக்கிறது. டீல்ட்ரின் என்ற பழைய பூச்சிக்கொல்லி, தடை செய்யப்பட்டுப் பல பத்தாண்டுகள் கழித்தும் ஜப்பானிலும் சுவிட்சர்லாந்திலும் மண்ணில் தங்கியிருந்தது. வெள்ளரியும் பூசணியும் அதை வேர்வழியாக உறிஞ்சிக் காய்க்கு ஏற்றிவிடும். மண்ணில் கரித்தூள் கலந்து வளர்த்தபோது காயில் ஏறிய நஞ்சு கணிசமாகக் குறைந்ததை அங்கே ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் புல்விதை சாகுபடி செய்பவர்கள் இன்னும் எளிமையாகப் பயன்படுத்துகிறார்கள். விதைக்கும்போதே விதை வரிசையின் மேல் ஒரு அங்குல அகலத்துக்குக் கரிக்குழம்பைக் கோடாக ஊற்றிவிட்டு, வயல் முழுக்கக் களைக்கொல்லி அடிக்கிறார்கள். கறுப்புக் கோட்டுக்குள் இருக்கும் விதை முளைக்கிறது, கோட்டுக்கு வெளியே களை சாகிறது. இந்த இரண்டிலுமே நஞ்சு அழியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கரி அதைப் பிடித்துப் பூட்டி வைக்கிறது, அவ்வளவுதான். வேருக்கும் மண்புழுவுக்கும் எட்டாமல் போவதால் ஆபத்து குறைகிறது. மண்ணிலுள்ள மொத்த அளவு அப்படியேதான் இருக்கிறது.

இந்தப் பூட்டுக்குள் அடங்காத நஞ்சுக்கு நாம் வெகுதூரம் போய்த் தேட வேண்டியதில்லை. வாடிப்பட்டியிலிருந்து நான்குவழிச் சாலையில் வடக்கே போனால் திண்டுக்கல். அங்கேயும் வேலூர் வட்டாரத்திலும் தோல் பதனிடும் ஆலைகள் விட்ட கழிவால் கிணறும் நிலமும் கெட்டன. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய வேலூர் குடிமக்கள் நல மன்றத் தீர்ப்பில், தோல் ஆலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்ற ஆய்வுக் கணக்கு பதிவாகியிருக்கிறது. அந்த நிலங்களைக் கெடுத்ததில் பெரும்பங்கு உப்புக்கு. கரைந்த உப்பைக் கரி பிடிக்காது. டன் கணக்கில் கொட்டினாலும் வெள்ளை பூத்த மண் வெள்ளை பூத்த மண்ணாகவே கிடக்கும். குரோமியம் போன்ற உலோகங்களிலும் கரியின் பலன் மண்ணின் தன்மைக்கேற்ப மாறுமே தவிர, பூச்சிக்கொல்லிக்குச் சொல்வதுபோல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆக, நோய் தெரியாமல் கரி போடுவது எந்தக் காய்ச்சல் என்று பார்க்காமல் மாத்திரை விழுங்குவதற்குச் சமம்.

நோயைக் கண்டுபிடிக்க நம்மிடம் என்ன இருக்கிறது? 2015-ல் மத்திய அரசு தொடங்கிய மண்வள அட்டை இருக்கிறது. தழை, மணி, சாம்பல், கந்தகச் சத்துகள், துத்தநாகம் முதலான ஐந்து நுண்சத்துகள், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச்சத்து என 12 விவரங்களை அது சொல்கிறது. உப்பைத் தவிர்த்தால், மண்ணில் என்ன குறைகிறது என்பதற்கான கணக்குதான் அது. மண்ணில் என்ன நஞ்சு கூடியிருக்கிறது என்பதற்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை. டிடிடி-யை விவசாயத்தில் பயன்படுத்துவது 1989-ல் தடை செய்யப்பட்டது, பிஎச்சி 1997-ல், எண்டோசல்ஃபான் 2011-ல். இவற்றில் எது இன்றும் எந்த வயலில் தங்கியிருக்கிறது என்று விவசாயி தெரிந்துகொள்ள அந்த அட்டை உதவாது. இந்தக் குறை நம் வட்டாரத்துக்குச் சிறியதல்ல. பேரணை முதல் கள்ளந்திரி வரை பெரியாறு கால்வாயில் இருபோகம் விளையும் பரப்பு மட்டும் 45,041 ஏக்கர். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெற்றிலையை யாரும் வேகவைத்துத் தின்பதில்லை, பச்சையாக மெல்லுகிறோம். அந்தக் கொடிக்கால் மண்ணில் என்ன இருக்கிறது என்று அறிய வெற்றிலை போடுகிறவருக்கும் உரிமை உண்டு, விளைவிக்கிறவருக்கும் உண்டு.

செலவு கட்டுப்படியாகாது என்பார்கள். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு ஏக்கரில் மேலே அரையடி ஆழ மண் ஏறக்குறைய 900 டன் எடை. அதில் நூற்றுக்கு ஒரு பங்கு கரி கலக்க 9 டன் வேண்டும். கிலோ நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 9 லட்சம் ரூபாய். ஏக்கருக்கு 9 லட்சம் போட்டு நெல் நட யாராலும் முடியாது. ஊர் முழுக்கக் கரி என்ற யோசனையை இத்தோடு விட்டுவிடலாம். ஆனால் நஞ்சு வயல் முழுக்க ஒரே சீராகப் படிவதில்லை. மோட்டார் கொட்டகை ஓரம் மருந்து கலக்கும் இடம், தெளிப்பான் டேங்கைக் கழுவி ஊற்றும் வாய்க்கால் முனை, களைக்கொல்லி டப்பா கவிழ்ந்த மூலை, நாற்றங்கால் போன்ற சில சென்ட் இடங்களில்தான் அது திரளும். மக்காச்சோளத்துக்கு அடித்த அட்ரசின் மிச்சம் இருந்து, அடுத்து விதைத்த உளுந்து கருகும் பாத்திகளும் இதில் சேரும். ஒரு சென்ட் இடத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு கலக்க 90 கிலோ போதும்.

தொழுவுரம் போட்டால் போதாதா என்ற கேள்வி நியாயமானது. இன்றைய பல மருந்துகளுக்குப் போதும். உரத்தில் பெருகும் நுண்ணுயிர்கள் அவற்றை வாரங்களிலோ மாதங்களிலோ சிதைத்துவிடும். அங்கே கரி வேண்டியதில்லை. பத்தாண்டு கடந்தும் சிதையாத பழைய நஞ்சுகளுக்கும், அடுத்த பயிரைக் கருக்கும் களைக்கொல்லி மிச்சத்துக்கும்தான் பூட்டு தேவை. நுண்ணிய கரித்தூள் கூடுதலானால் மண்புழுவின் எடை குறைவதாக ஆய்வுகள் சொல்வதையும் மறைக்கக் கூடாது. ஆகவே அளவு முக்கியம். இன்னொரு ஆட்சேபம் எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப் படுகிறது. காங்கேயம், பல்லடம் பக்கம் தொட்டிக்கரி சுடும் ஆலைகளால் கிணற்றுத் தண்ணீர் கெடுகிறது என்று விவசாயிகளே போராடியிருக்கிறார்கள். ஓர் ஊரின் மண்ணைக் காப்பாற்ற இன்னோர் ஊரின் கிணற்றைக் கெடுப்பதற்குப் பெயர் வைத்தியமா? புகையையும் சுட்ட கரியை அணைத்த நீரையும் வெளியே விடாத ஆலையிலிருந்து மட்டுமே அரசுத் திட்டத்துக்குக் கரி வாங்க வேண்டும்.

ஒத்தக்கடையில் 1965 முதல் வேளாண் கல்லூரி இயங்குகிறது. வாடிப்பட்டி வட்டாரத்தில் வெற்றிலை, நெல், தென்னை நிலங்களிலிருந்து மாதிரி எடுத்து நஞ்சு எச்சம் பார்க்கவும், எச்சம் இருக்கும் இடத்தில் சில சென்ட் அளவில் கரியைப் போட்டு இரண்டு மூன்று போகம் காய், இலை, தானியத்தை அளக்கவும் அந்தக் கல்லூரிக்கு வேளாண் துறை பணம் ஒதுக்க வேண்டும். ஆலைக் கழிவால் கெட்ட நிலமென்றால் செலவை ஆலையே ஏற்க வேண்டும். கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்பதை 1996 தீர்ப்பு சட்டமாகவே ஏற்றுக்கொண்டுவிட்டது. விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை: மண்ணைச் சுத்தம் செய்யும் என்று சொல்லிக் கரி மூட்டை விற்க யாராவது வந்தால், என் மண்ணில் எந்த நஞ்சு எவ்வளவு இருக்கிறது என்ற சோதனைச் சீட்டை முதலில் கேளுங்கள். அது கையில் வரும்வரை ஒரு கிலோகூட வாங்காதீர்கள்.