சபைக்கு எழுதி வைக்கணுமா? முதல்ல அம்மாவுக்கு எழுதுங்க

உயில் வீடியோவில் ஒரு விஷயத்தை விட்டுட்டேன். கிறிஸ்தவர்கள் தங்கள் சபைக்கோ மாதா கோயிலுக்கோ சொத்து எழுதி வைப்பது. கோவில்பட்டிப் பக்கம் இது சாதாரண ஆசைதான். ஆகஸ்ட் 15-க்கு லீவு போட்டு காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருவிழாவுக்கு வருவீங்க, ஊர்ச் சபை அசனத்துக்கு ஜிபே-யில் பணம் அனுப்புவீங்க. "என் காலத்துக்குப் பிறகு அந்த ரெண்டு ஏக்கர் கரிசல் கோயிலுக்குத்தான்" என்று வாயால் சொல்லியும் வைப்பீங்க. வாயால் சொன்னது சட்டத்தில் நிற்காது.

முன்பு எழுதினாலே நிற்பது கஷ்டம். 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118-வது பிரிவு அப்படி. கூடப் பிறந்தவர் பிள்ளைகளோ அதைவிட நெருங்கிய உறவோ உள்ள கிறிஸ்தவர், இறப்பதற்குக் குறைந்தது 12 மாதம் முன்பே உயில் எழுதியிருக்கணும். எழுதிய 6 மாதத்துக்குள் அதைச் சட்டப்படியான பாதுகாப்பில் ஒப்படைத்திருக்கணும். பதினோராவது மாதம் இறந்தால் கோயிலுக்கு எழுதியது போச்சு. கேரளப் பாதிரியார் ஜான் வல்லமட்டம் தொடர்ந்த வழக்கில், 2003-ல் உச்ச நீதிமன்றம் இது சமத்துவத்துக்கு எதிரானது என்று அந்தப் பிரிவையே ரத்து செய்தது.

சரியான தீர்ப்பு. ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த பயம் பைத்தியக்காரத்தனம் இல்லை என்பது என் கருத்து. படுத்த படுக்கையில், ஜெபம் பண்ண வந்தவர் பக்கத்தில் நிற்கக் கையெழுத்துப் போட்ட உயிலை எந்தக் குடும்பம் சும்மா விடும்? சபைக்குக் கிடைப்பது நிலம் இல்லை, கேஸ். திடமாக இருக்கும்போதே, வீட்டில் சொல்லிட்டு எழுதுங்க.

போதகர் பெயரில் எழுதாதீங்க, அவர் மாற்றலாகிப் போயிடுவார். சி.எஸ்.ஐ. என்றால் நிலம் பொதுவா சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில்தான் இருக்கும். ஆர்.சி. என்றால் சட்டப்படியான பெயரை மறைமாவட்ட அலுவலகத்தில் கேட்டு எழுதுங்க. பிஎஃப்-ல சபையை நாமினி போடும் ஐடியா வேண்டாம். குடும்பம் இருக்கிறவர் வெளியாளைப் போட்டால் செல்லாது.

இப்போ உங்க வயசுக்கான விஷயம். கல்யாணத்துக்கு முன்னாடி எழுதிய உயில், கல்யாணம் ஆனதும் தானாகவே ரத்து. அதே சட்டம், 69-வது பிரிவு. இந்துக்களுக்கு இப்படி இல்லை. அதனால் ரிசப்ஷன் ஆல்பம் வருவதற்குள் புதுசா எழுதிடுங்க.

எழுதாமலே விட்டால்? கல்யாணம் ஆகாத கிறிஸ்தவர் உயில் இல்லாமல் இறந்தால், அப்பா உயிரோடு இருந்தால் எல்லாமே அப்பாவுக்கு. அம்மாவுக்குப் பங்கே கிடையாது. இன்னைக்கும் இதுதான் சட்டம், படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஆகவே உங்க உயிலில் கோயிலுக்கு மேலே, முதல் வரியில் அம்மா பெயர் இருக்கட்டும். முத்திரைத் தீர்வை கிடையாது, பதிவும் கட்டாயமில்லை. சொத்தில் பங்கு வாங்காத ரெண்டு சாட்சி போதும்.