குறையைத் தேடும் இடம்

இலக்கிய வாசகர்களாகிய நாம் சுயமுன்னேற்ற நூல்களைச் சற்று ஏளனத்துடனேயே கடந்து போகிறோம். ஆனால் 1859-இல் வெளிவந்த சாமுவேல் ஸ்மைல்ஸின் ‘செல்ஃப் ஹெல்ப்’ முதல் தமிழில் எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ வரை, இவற்றை நம்பி வாங்கியவர்களின் தேவை மெய்யானது. நாளைய நாள் இன்றைவிடச் சற்று மேலாக அமைய வேண்டும் என்ற ஆசையில் ஏளனத்துக்கு இடமில்லை. நமது கருத்து வேற்றுமை, குறையை இந்நூல்களில் பெரும்பாலானவை எங்கே தேடுகின்றன என்பதில்தான்.

தண்டலத்தைச் சுற்றியுள்ள ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் ‘கைசன்’ என்ற ஜப்பானியச் சொல் பலருக்குப் பழக்கமானது. சிறுசிறு திருத்தங்களால் வேலையை நாள்தோறும் செம்மைப்படுத்துவது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். டொயோட்டா நிறுவனம் 1951-இல் தொழிலாளர்களிடம் யோசனை கேட்கும் முறையைத் தொடங்கியது. மசாகி இமாய் 1986-இல் எழுதிய நூல் அச்சொல்லை உலகெங்கும் கொண்டு சென்றது. பின்னர் சுயமுன்னேற்ற எழுத்தாளர்களும் அதை எடுத்துக்கொண்டனர்: தினம் ஒரு நிமிட உடற்பயிற்சி, தினம் ஒரு பக்க வாசிப்பு.

அப்படி எடுத்துக்கொண்டபோது அதன் சாரத்தை விட்டுவிட்டனர். ஸ்பேனரை ஒவ்வொரு முறையும் குனிந்து எடுக்க வேண்டியிருந்தால், கைசன் முறைப்படி ஸ்பேனர் வைக்கும் தட்டை உயர்த்த வேண்டும். தொழிலாளிக்குக் குனியப் பயிற்சி தருவது தீர்வாகாது. பிழை நேர்ந்தால் ஐந்து முறை ‘ஏன்’ என்று கேட்கச் சொன்னார் டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ. நடைமுறையில் எல்லா ஆலைகளும் இதன்படி நடக்கின்றன என்று நாம் வாதிட வரவில்லை. ஆனால் விதி இதுதான். சுயமுன்னேற்ற நூலோ முதல் ‘ஏன்’ எழுந்தவுடனேயே ‘உனக்கு மன உறுதி போதவில்லை’ என்று தீர்ப்பெழுதி விடுகிறது.

ஷிப்ட் மாறி மாறி வேலை பார்க்கும் ஓர் இளைஞர் ‘அதிகாலையில் எழு’ என்ற அறிவுரையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? இரவு ஷிப்ட் நாள்களில் அவர் உறங்குவதே விடிந்த பின்புதான். அவருக்கு உதவக்கூடியவை சன்னலுக்கு ஒரு கனத்த திரையும், பகலில் சத்தமிடாத அறைத்தோழர்களும். திரையை அவரே மாட்டிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு அவர் பிறரிடம் பேசியாக வேண்டும்.

பலர் கூடினால் மட்டுமே ஆகும் திருத்தங்களும் உண்டு. 12 மணி நேர வேலைநாளுக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பின் அது திரும்பப் பெறப்பட்டதாக அவ்வாண்டு மே தினத்தன்று முதலமைச்சர் அறிவித்தார். அதற்குச் சரியாக நூறாண்டுகளுக்கு முன், 1923-இல், சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடியிருந்தார். ஒரு வேலைநாள் எத்தனை மணி நேரம் என்பதைத் தனிமனிதரின் தினசரிப் பழக்கம் எதுவும் தீர்மானிக்க முடியாது.

இப்படிப் பேசுவது சோம்பலுக்குச் சாக்காகி விடாதா என்று வாசகர்கள் கேட்கலாம். ஆகாது என்றே நினைக்கிறோம். தட்டை உயர்த்துவதும் உழைப்புதான். அறைத்தோழரிடம் பேசுவதற்கும் துணிவு வேண்டும். நம்மை நாமே நொந்துகொள்வதற்கு முன் இன்னும் நான்கு முறை ‘ஏன்’ என்று கேட்டுப் பார்க்கலாம். அதன் பிறகும் குறை நம்மிடமே இருப்பதாகத் தெரிந்தால், அப்போது திருத்திக்கொள்வோம்.