சட்டத்தின் ஒரு ‘அல்லது’

காரில் செல்லும் குழந்தையைக் காக்க இந்தியாவில் சட்டமே இல்லை என்பது பலரின் எண்ணம். உண்மை அதைவிடக் கசப்பானது. சட்டம் இருக்கிறது, அதன் ஒற்றைச் சொல் குழந்தையைக் கைவிட்டுவிட்டது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 194-பி பிரிவு, பதினான்கு வயது நிரம்பாத குழந்தையை இருக்கைப் பட்டை ‘அல்லது’ குழந்தைப் பாதுகாப்பு இருக்கை கொண்டு பிணைத்திருக்க வேண்டும் என்கிறது. மீறினால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. பத்து மாதக் குழந்தைக்கும் பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கும் ஒரே விதி. அந்த ‘அல்லது’ இரண்டையும் சமமாக்குகிறது. உடலியல் அவற்றைச் சமமாக்குவதில்லை.

இருக்கைப் பட்டை வளர்ந்தவரின் தோளெலும்பையும் இடுப்பெலும்பையும் நம்பி வடிவமைக்கப்பட்டது. சிறு குழந்தையின் உடலில் அது கழுத்தின் குறுக்கேயும் வயிற்றின் மேலும் விழுகிறது. காக்க வேண்டிய பட்டையே விபத்தில் உள்ளுறுப்புகளைச் சிதைக்கும். ஐரோப்பிய நாடுகள் வயதை மட்டும் பாராமல் உயரத்தையும் அளவுகோலாகக் கொண்டிருப்பது இதனால்தான். இந்தியச் சட்டம் பிறந்தநாளை எண்ணுகிறது; உடலை அளப்பதில்லை.

ஆனேக்கலிலிருந்து சந்தாப்புரா வழியாக ஓசூர் சாலையை அடையும் கார்களை எண்ணிப் பார்க்கலாம். பின்னிருக்கையில் தாயின் மடியே குழந்தையின் இருக்கை. மடியைவிடப் பாதுகாப்பான இடம் உண்டா என்று கேட்போருக்கு இயற்பியல் விடை சொல்லும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றால், பத்து கிலோ எடையுள்ள குழந்தையைத் தடுத்து நிறுத்த ஏறத்தாழ 140 கிலோ எடையைத் தாங்கும் வலு வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அது இல்லை. இது அன்பின் குறைபாடன்று, தசையின் எல்லை. தாயையும் சேயையும் ஒரே பட்டைக்குள் கட்டினாலோ, தாயின் எடை முழுவதும் சேயின் மேல் விழும். ஆயினும் ‘பட்டையால் பிணைத்தாயிற்று’ என்று வாதிட அந்த ‘அல்லது’ இடம் தருகிறது.

இந்தப் பிழை உலகுக்குப் புதிதன்று. குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கிய முதல் சட்டம் 1978-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தது. கையில் ஏந்திய குழந்தைக்கு அதில் விலக்கு நுழைக்கப்பட்டது. சட்டத்துக்காகப் போராடிய குழந்தை மருத்துவர் ராபர்ட் சாண்டர்ஸ் அவ்விலக்கைக் ‘குழந்தை நொறுக்கி’ என்றே அழைத்தார். 1981-இல் அது நீக்கப்பட்டது. அங்கே ஓட்டையை அடைக்க மூன்று ஆண்டுகள் ஆயின. இங்கே அதை ஓட்டை என்று ஒப்புக்கொள்ளவே இன்னும் மனமில்லை.

2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மோதல் சோதனையில், ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தைகளின் அளவிலான பொம்மைகள் உரிய பாதுகாப்பு இருக்கைகளில் வைத்தே சோதிக்கப்படுகின்றன. ஆக, எது தேவை என்பது அரசுக்குத் தெரியும். பொம்மைக்கு வழங்கிய பாதுகாப்பை உயிருள்ள குழந்தைக்குக் கட்டாயமாக்கத்தான் தயக்கம்.

இருக்கையின் விலையைக் காட்டி எழும் மறுப்பு பொருட்படுத்தத் தக்கது. ஆனால் அதற்கு விடை வரிக்குறைப்பும், மகப்பேறு மருத்துவமனைகள் வழியாக இருக்கைகளை இரவல் தருவதும். சட்டத்தை மழுங்க வைப்பதன்று. லட்சங்களில் கார் வாங்கும் வீட்டில் விலையைவிட அறியாமையே பெரிய தடை. அந்த அறியாமைக்குச் சட்டமே சான்றிதழ் வழங்கலாகாது.

இது நடுவண் சட்டம் என்று பெங்களூரு கைவிரிக்க முடியாது. மோட்டார் வாகனங்கள் பொதுப்பட்டியலில் உள்ளவை. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் மாநிலம் திருத்தம் கொண்டுவரலாம். 2019 செப்டம்பரில் புதிய அபராதங்கள் பலவற்றைக் குறைக்க விரைந்த கர்நாடக அரசு, தனக்குள்ள அதிகாரத்தை அறியாததன்று. ஓட்டுநரின் பணப்பைக்காக எழுந்த அவ்வேகம், வாக்கில்லாத குழந்தையின் கழுத்துக்காகவும் எழ வேண்டும். நீக்க வேண்டியது ஒரு சொல். சேர்க்க வேண்டியது உயரமும் எடையும் சார்ந்த ஒரு வரையறை.