நாய்க்கு லைசென்ஸ் கட்டாயம்... க்ரூமிங் கடைக்கு? சென்னையில் செல்லத்தை ஒப்படைக்கும் முன் கேட்க வேண்டியவை

வீட்டு நாய்க்கு உரிமம் வாங்கவில்லை என்றால் 5,000 ரூபாய் அபராதம் என்று சென்னை மாநகராட்சி அறிவித்தது நினைவிருக்கலாம். 2025-ன் கடைசி மாதங்களில் மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்களில் ரேபிஸ் ஊசி, மைக்ரோசிப், பதிவு என்று ஒரே கூட்டம். காலக்கெடுவும் தள்ளிப்போனது. நாய் யாருடையது, எந்த வீடு, ஊசி போட்டாச்சா என்பதெல்லாம் பதிவுக்குள் வந்துகொண்டிருக்கிறது.

அதே நாயை மாதம் ஒருமுறை, ரெண்டு மூணு மணி நேரம் ஒருத்தர் கையில் கொடுத்துவிட்டு வருகிறோமே, அவர் யார்? என்ன படித்திருக்கிறார்? இதற்குத்தான் பதில் கிடைக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

செல்லப்பிராணி விற்கும் கடைகளுக்கு 2018-ல் மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. நாய் வளர்த்து விற்பவர்களுக்கு 2017-லேயே விதிகள் வந்துவிட்டன. இரண்டுமே விற்பனையைத்தான் கட்டுப்படுத்துகின்றன. விற்பனை இல்லாமல், குளிப்பாட்டி முடி மட்டும் வெட்டும் கடை அந்த வரையறைக்குள் வராது. மாநகராட்சி தரும் தொழில் உரிமம் கடைக்கானது. கத்தரி பிடிக்கும் கைக்கு அது சான்றிதழ் ஆகாது. சுவரில் மாட்டியிருக்கும் பயிற்சிச் சான்றிதழ் நல்லதுதான். ஆனால் அது மூணு நாள் வகுப்பா, மூணு மாதப் பயிற்சியா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆக, கடையைச் சோதிக்கும் வேலை நம்ம தலையில்தான். கூகுள் ஸ்டாரும் இன்ஸ்டா ரீல்ஸும் இதில் பெரிதாக உதவாது. ரீல்ஸில் தெரிவது வேலை முடிந்து ரிப்பன் கட்டிய நாய். நமக்குத் தெரிய வேண்டியது அதற்கு முந்தைய ரெண்டு மணி நேரம்.

முதலில் பார்க்க வேண்டியது டிரையர்

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அதன் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. ஈர நாயைக் கூண்டுக்குள் அடைத்து, வெளியிலிருந்து சூடான காற்றை விட்டு, ஆள் வேறு வேலைக்குப் போய்விட்டால் கூண்டுக்குள் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து ஏறும். பக், ஷிட்சூ, புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு மூச்சிரைப்பதே சிரமம். அவைதான் முதலில் விழும். 105-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. சென்னையின் மே மாதத்தில், கரண்ட் போய் ஏசி நின்ற அறையில் இது நடக்க ரொம்ப நேரம் ஆகாது.

அதனால் முதல் கேள்வி: "கையால் காய வைப்பீங்களா, கூண்டில் போட்டா?" கூண்டு என்றால், சூடில்லாத காற்றா, பக்கத்தில் ஆள் இருப்பாரா என்று கேளுங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம் சார்" என்பது பதில் இல்லை.

அடுத்தது மேஜை. நாய் நகராமல் இருக்க, மேஜைக் கம்பியிலிருந்து கழுத்துக்கு ஒரு வளையம் மாட்டுவார்கள். அது தவறில்லை. அதை மாட்டிவிட்டு ஃபோன் எடுக்கப் போவதுதான் தவறு. நாய் குதித்தால் கழுத்தில் தொங்கும். கண்ணாடிச் சுவரோ சிசிடிவி காட்சியோ உள்ள கடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதற்காகத்தான். "ஓனர் பக்கத்துல இருந்தா நாய் அடங்காது" என்பார்கள். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் நாய் கண்ணில் படாமல் நாம் பார்க்க ஒரு வழி வேண்டும். அதையும் மறுத்தால் வேறு கடை பார்ப்பது நல்லது.

'வெயில் காலம், மொட்டை அடிச்சிடுங்க'

இந்தத் தப்பு கடைக்காரருடையது இல்லை, பெரும்பாலும் நம்முடையது. ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்ட், பொமரேனியன், கோல்டன் ரெட்ரீவர் போன்றவற்றுக்கு இரண்டு அடுக்கு முடி. மேல் முடி வெயில் நேராகத் தோலில் படாமல் காக்கிறது. ஒட்ட வழித்தால் தோல் வெயிலில் பொசுங்கலாம். சில நாய்களுக்கு முடி மாதக்கணக்கில் வளராமல் திட்டுத் திட்டாகவே நின்றுவிடும். உள்ளே உதிர்ந்து கிடக்கும் முடியைச் சீவி எடுத்தாலே காற்று போகும். நீங்கள் மொட்டை கேட்டும் "வேண்டாம் மேடம், சீவி மட்டும் விடுறேன்" என்று வருமானத்தை விட்டுக்கொடுக்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களுக்கு இந்தச் செலவே அநேகமாகத் தேவையில்லை. குட்டை முடி. வீட்டில் குளியல், ஒரு பிரஷ், நகம் வெட்டினால் போதும். ஆயிரக்கணக்கில் பேக்கேஜ் விற்கிறார்கள் என்பதற்காக வாங்க வேண்டுமா என்ன?

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. தண்ணீர் கலந்து நாள்கணக்கில் வைத்திருக்கும் ஷாம்பு பாட்டிலில் பாக்டீரியா வளரும். அதைப் போட்டு முதுகில் அழுத்தித் தேய்த்தால் முடி வேர்களில் கிருமி இறங்கும். ஓரிரு நாளில் முதுகில் வலியோடு கட்டிகள், காய்ச்சல், தொட்டாலே கத்தல் என்று வெளிப்படும். அன்றன்றைக்குக் கலக்கிறார்களா என்று கேளுங்கள். ஒரு நாய்க்கும் அடுத்த நாய்க்கும் இடையில் பிளேடு, சீப்பு, துண்டு என்ன ஆகிறது என்றும் கேளுங்கள். படர்தாமரை நாயிடமிருந்து நாய்க்கு மட்டுமல்ல, வீட்டுக் குழந்தைக்கும் வரும். ரேபிஸ் உள்ளிட்ட ஊசிகளின் கார்டை உங்களிடம் கேட்காத கடை, பக்கத்து மேஜை நாயிடமும் கேட்டிருக்காது.

கடிக்கிற நாய்க்கு "லேசா ஒரு மயக்க மருந்து" என்று யாராவது சொன்னால் அங்கேயே கிளம்பிவிடுங்கள். அது கால்நடை மருத்துவர் பரிசோதித்து முடிவு செய்ய வேண்டியது. வயதான நாய், இதய நோய் உள்ள நாய் என்றால் சொல்லவே வேண்டாம்.

ஓஎம்ஆர் அடுக்குமாடிகளில் வேன் சேவையும் வீட்டுக்கு வருபவர்களும் அதிகம். கூட்டம் பார்த்து மிரளும் நாய்க்கு இது நல்ல ஏற்பாடு. வேன் என்றால் ஏசி, ஜெனரேட்டர் ஓடுகிறதா, நாம் உள்ளே நிற்க முடியுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எப்படி இருந்தாலும் முதல் தடவை முழு பேக்கேஜ் வேண்டாம். நகம், குளியலோடு நிறுத்துங்கள். அடுத்த முறை அந்தக் கடை வாசலில் நாய் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். கொஞ்சம் தயங்கினால் பரவாயில்லை. வாலை இடுக்கிக்கொண்டு நடுங்கினால், உள்ளே என்ன நடந்தது என்று கேட்டே ஆக வேண்டும்.

ஏதாவது ஆகிவிட்டால்?

நாய் தள்ளாடினால், விடாமல் மூச்சிரைத்தால் உடம்பில் சாதாரண தண்ணீர் ஊற்றி, காற்றுபட வைத்தபடியே மருத்துவரிடம் ஓடுங்கள். சண்டை பிறகு.

விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-ஐச் சேர்ந்தது. கொடுமைக்கு முதல் முறை அபராதமே 10 முதல் 50 ரூபாய்தான். விலங்கைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் அதற்கு, தெரிந்தே செய்தார் என்று காட்ட வேண்டும். கவனக்குறைவுக்கு அது சுலபமாகப் பொருந்தாது.

கைகொடுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. பணம் வாங்கிக்கொண்டு செய்த சேவையில் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. தேசிய உதவி எண் 1915. "எது நடந்தாலும் கடை பொறுப்பல்ல" என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும், அதனாலேயே கடை தப்பித்துவிட்டதாக அர்த்தமில்லை. நியாயமற்ற ஒப்பந்தத்தை எதிர்க்கவும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இதற்கெல்லாம் கையில் காகிதம் வேண்டும். ஜிபே பண்ணிவிட்டு வந்துவிடாமல், என்னென்ன சேவை என்று எழுதிய பில் வாங்குங்கள். விடும்போது ஒரு வீடியோ, கூப்பிடும்போது ஒரு வீடியோ. காயம் என்றால் அன்றே மருத்துவரின் எழுத்துப்பூர்வ அறிக்கை. இறந்துவிட்டால், எவ்வளவு வேதனையாக இருந்தாலும், புதைப்பதற்கு முன் பிரேதப் பரிசோதனை. சிசிடிவி பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்துவிடும் என்பதால், அதைக் கேட்டு அன்றைக்கே வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுதி அனுப்பிவிடுங்கள்.