பூப்போட்ட சட்டைக்குச் சொந்தக்காரர்கள்

ஏபெக் எனப்படும் ஆசிய-பசிபிக் பொருளாதாரக் கூட்டமைப்பின் மாநாடுகளில் ஒரு வேடிக்கையான வழக்கம் இருந்தது. மாநாட்டை நடத்தும் நாடு தன் ஊர் உடையைத் தைத்துக் கொடுக்கும். வந்த தலைவர்கள் அதைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இந்தோனேசியா பாத்திக் கொடுத்தது, பிலிப்பைன்ஸ் பாரோங் கொடுத்தது. 2011 நவம்பரில் ஹோனலூலுவில் மாநாடு கூடியபோது, அதே ஊரில் பிறந்த அதிபர் ஒபாமா எல்லோருக்கும் ஹவாய்ச் சட்டை தயாராக வைத்திருந்தார். ஆனால் போட்டே ஆக வேண்டும் என்று கேட்கவில்லை. முந்தைய மாநாடுகளின் படங்களைப் பார்த்தபோது வழக்கத்தை முடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியதாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். குழுப் படத்தில் அத்தனை பேரும் கோட்டு சூட்டில் நின்றார்கள்.

அதே நகரத்தில் வங்கி மேலாளரும் வக்கீலும் அரசு அதிகாரியும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அலுவலகம் போகிறார்கள். கல்யாணப் பத்திரிகையிலும், ஏன், துக்க அறிவிப்பிலும்கூட 'அலோஹா உடையில் வரலாம்' என்று போடுவது அங்கே சாதாரணம். ஹவாய் மொழியின் வணக்கச் சொல்லான 'அலோஹா'தான் அந்தச் சட்டைக்கும் பெயர். வெளியுலகம் விடுமுறைக் கோமாளித்தனம் என்று நினைக்கும் சட்டை, சொந்த ஊரில் மரியாதைக்குரிய உடை. அந்த மரியாதையை அது சும்மா பெற்றுவிடவில்லை. யார் யாரோ உழைத்து வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த உழைப்பின் கணக்கில் ஒரு தரப்பின் பங்கு மட்டும் இன்னும் சரியாக எழுதப்படவில்லை.

ஹவாயின் பழைய துணி தறியில் நெய்தது அல்ல. 'கப்பா' என்ற அந்தத் துணி மரப்பட்டையிலிருந்து வந்தது. வௌக்கே என்ற செடியை வளர்க்கும்போதே பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடுவார்கள். கிளை விட்டால் பட்டையில் ஓட்டை விழும். வெட்டிய தண்டிலிருந்து உள்பட்டையை உரித்து, ஊறவைத்து, முதலில் கல்லின் மேல் உருண்டைக் கட்டையால் அடிப்பார்கள். மறுபடி ஊறவைத்து, இரண்டாவது முறை மரப் பலகையின் மேல் சதுரக் கட்டையால் அடிப்பார்கள். அந்தக் கட்டையின் நான்கு பக்கங்களிலும் கோடுகளும் கட்டங்களும் செதுக்கியிருக்கும். அடிக்க அடிக்க அவை துணிக்குள் பதிந்துவிடும். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால்தான் அந்தக் கோலம் கண்ணுக்குத் தெரியும். பட்டைத்துணி பசிபிக் தீவுகள் பலவற்றில் உண்டு என்றாலும், இந்த உள்கோலம் ஹவாய்க்காரர்களின் தனிக் கைவண்ணம். அதன் மேல் மூங்கில் பட்டையில் செதுக்கிய அச்சால் மஞ்சள், நோனி, புகைக்கரிச் சாயங்களைத் தோய்த்து வரிவரியாக ஒற்றுவார்கள்.

1820-ல் பாஸ்டனிலிருந்து 'தாடியஸ்' கப்பலில் பாதிரிமார்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய மனைவிமாரின் கவுனைப் பார்த்த ஹவாய் ராணி, தனக்கும் அதுபோல் ஒன்று வேண்டும் என்றார். கப்பல் தளத்திலேயே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார்கள். கழுத்தையொட்டிய பட்டியிலிருந்து தளரத் தொங்கும் அந்த உடைதான் 'ஹொலோக்கூ'. அதற்கு உள்ளே போட்டுக்கொள்ளும் எளிய பாவாடைச் சட்டைக்கு 'முவுமுவு' என்று பெயர். பிறகு அந்த உள்ளாடையே வெளியாடையாகி, இருபதாம் நூற்றாண்டில் சுற்றுலாப் பெண்கள் வாங்கிப் போகும் பூப்போட்ட நீள அங்கியானது. இந்தக் கதையைப் பாதிரிகள் உடுத்திவிட்டார்கள், மக்கள் உடுத்திக்கொண்டார்கள் என்று சொல்வது பாதி உண்மை. உடையைக் கேட்டு வாங்கியவர் ராணி. தங்கள் வெயிலுக்கும் உடம்புக்கும் தகுந்தபடி அதை மாற்றிக்கொண்டவர்களும் அந்த ஊர்ப் பெண்களே. ஆனால் மில் துணி வந்து குவிந்ததில் கப்பா மெல்ல மெல்ல ஒழிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அதைச் செய்யத் தெரிந்த கைகள் அநேகமாக இல்லாமல் போயின. 1893-ல் ராணி லிலியுவோகலானி பதவியிலிருந்து இறக்கப்பட்டார். 1898-ல் தீவுகள் அமெரிக்காவோடு சேர்க்கப்பட்டன.

அதற்குள் கரும்புத் தோட்டங்களுக்குச் சீனர்களும் போர்த்துக்கீசியர்களும் ஜப்பானியர்களும் கூலி வேலைக்கு வந்துவிட்டார்கள். பிலிப்பினோக்கள் அவர்களுக்குப் பின்னால் வந்தார்கள். தோட்டத்தில் போட்டுக்கொள்ள 'பலாக்கா' என்ற நீல-வெள்ளைக் கட்டம் போட்ட முரட்டுத் துணிச் சட்டை. பிலிப்பினோ ஆண்கள் சட்டையைக் கால்சட்டைக்குள் திணிக்காமல் வெளியே விட்டார்கள். ஜப்பானியத் தையற்காரர்களிடம் கிமோனோ துணி மிச்சம் இருந்தது. இவை எல்லாம் சேர்ந்த இடத்தில் பிறந்ததுதான் அலோஹா சட்டை. அதனாலேயே அதை முதலில் தைத்தவர் இன்னார் என்று விரல் நீட்டுவது கஷ்டம்.

எழுத்தில் கிடைக்கும் சாட்சி 1935 ஜூன் 28-ம் தேதி ஹோனலூலு நாளிதழில் வந்த ஒரு விளம்பரம். முசாஷியா என்ற கடையை நடத்திய கொய்ச்சிரோ மியாமோட்டோ, 'அலோஹா சட்டை' 95 சென்ட் முதல் கிடைக்கும் என்று அதில் அறிவித்தார். ஆனால் புகழ் போனது இன்னொருவருக்கு. யேல் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துவிட்டு, அப்பாவின் துணிக்கடையைப் பார்த்துக்கொள்ளத் திரும்பியவர் எல்லரி சுன். பெயரின் விலை தெரிந்தவர். 1936, 1937-ம் ஆண்டுகளில் 'அலோஹா' என்ற பெயரைத் தன் ஆடைகளுக்கு வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டார். அவர் கடைச் சட்டைகளுக்குப் படம் வரைந்தவர் அவருடைய சகோதரி எத்தெல். அந்தப் பெயரை எத்தனை பேருக்குத் தெரியும்?

முதலில் வந்த சட்டைகளில் ஹவாயே கிடையாது என்பது தனி வேடிக்கை. ஜப்பான் துணி என்பதால் புலியும் மூங்கிலும் ஃபூஜி மலையும்தான் இருந்தன. ஹவாய்ப் பூக்கள் சட்டையில் ஏறியதில் ஓர் இந்தியக் கடைக்குப் பங்கு உண்டு. சிந்து மாகாணத்து ஹைதராபாதிலிருந்து வந்த ஜமன்தாஸ் வாதுமல், முதல் உலகப் போர்க் காலத்திலேயே ஹோனலூலுவில் கடை வைத்திருந்தார். பிறகு தம்பி கோவிந்தராமும் சேர்ந்துகொண்டார். அவர்களுடைய 'ஈஸ்ட் இந்தியா ஸ்டோர்' 1936-ல் எல்சி தாஸ் என்ற ஓவியரிடம் உள்ளூர்ப் பூக்களை வரையச் சொன்னது. படங்கள் ஜப்பானுக்குப் போய்ப் பட்டில் அச்சாகித் திரும்பின. எல்சி, கோவிந்தராமின் மனைவி எல்லனின் சகோதரி. எல்லன் அமெரிக்காவில் பிறந்த வெள்ளைக்காரப் பெண். 1922-ல் இந்தியரை மணந்ததற்காக அவருடைய அமெரிக்கக் குடியுரிமை பறிக்கப்பட்டது. சட்டம் திருத்தப்பட்ட பிறகு 1931-ல்தான் அது திரும்பக் கிடைத்தது. கோவிந்தராமுக்குக் குடியுரிமை கிடைக்க 1946 வரை ஆனது. அமெரிக்காவின் இன்பச் சுற்றுலாவுக்கு அடையாளமான துணி, அமெரிக்கா தன் குடிமக்களாக ஏற்க மறுத்த குடும்பத்தின் கடையில் உருவானது.

இரண்டாம் உலகப் போரில் ஹவாய் வழியாகப் போன சிப்பாய்கள் இந்தச் சட்டையை ஊருக்கு எடுத்துப் போனார்கள். 1951 டிசம்பரில் 'லைஃப்' பத்திரிகையின் அட்டையில் அதிபர் ட்ரூமன் பூப்போட்ட சட்டையில் சிரித்தார். ஆல்ஃபிரெட் ஷஹீன் என்ற லெபனான் வம்சாவளி உற்பத்தியாளர் 1948-ல் தொழிலைத் தொடங்கி, வெளியூர்த் துணியை நம்பாமல் ஹவாயிலேயே சொந்தமாக அச்சடித்தார். 1961-ல் 'புளூ ஹவாய்' இசைத்தட்டின் உறையில் எல்விஸ் பிரெஸ்லி போட்டிருந்த சிவப்புச் சட்டை அவருடையதே.

நல்ல அலோஹா சட்டையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: மார்புப் பையைத் தேட வேண்டும். பையிலுள்ள பாதி இலையும் அதற்கு அடியிலுள்ள பாதி இலையும் இம்மி பிசகாமல் பொருந்தி, பை இருப்பதே தெரியாது. தேங்காய்ச் சிரட்டைப் பொத்தான் இருந்தால் இன்னும் விசேஷம். மலிவுச் சட்டையில் பை ஒட்டுப்போட்டதுபோல் தனியே துருத்திக்கொண்டு நிற்கும். உள்ளூர்க்காரர்கள் கண்ணை உறுத்தும் நிறத்தையும் விரும்புவதில்லை. 1960-களில் 'ரெய்ன் ஸ்பூனர்' நிறுவனம் அச்சிட்ட துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைத்தது. வெளுத்த அந்த நிறம் அலுவலகத்துக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

அலுவலகத்துக்குள் நுழைந்த கதையில் காரியவாதம் கொஞ்சம் தூக்கல்தான். 1946-ல் ஹோனலூலு வர்த்தக சபை வெப்ப நாட்டுக்கு ஏற்ற அலுவலக உடை எது என்று ஆராயப் பணம் ஒதுக்கியது. 1962-ல் உள்ளூர் ஆடை உற்பத்தியாளர் சங்கம் 'விடுதலை நடவடிக்கை' என்று பெயர் சூட்டி, மாநில சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் இருந்த ஒவ்வோர் உறுப்பினருக்கும் இரண்டு சட்டை இலவசமாகக் கொடுத்தது. கோடைக்காலத்தில் இதை உடுத்தலாம் என்று தீர்மானமும் வந்தது. இலவசம் கொடுத்துக் காரியம் சாதிப்பது எல்லா ஊருக்கும் பொது போலிருக்கிறது. 1966-ல் வெள்ளிக்கிழமைதோறும் அலோஹா உடை என்ற வழக்கம் பிறந்தது. சில ஆண்டுகளில் மற்ற நாட்களுக்கும் பரவியது. வெள்ளிக்கிழமை மட்டும் கழுத்துப் பட்டை கட்டாமல் வரலாம் என்று அமெரிக்கப் பெருநிறுவனங்கள் பின்னாளில் விட்டுக்கொடுத்ததற்கு இதுவே முன்மாதிரி என்பார்கள். 1970-ல் ஒகினாவா இதே சட்டையைப் பார்த்துத் தன்னுடையதை உருவாக்கியது. இப்போது கோடை வந்தால் ஜப்பான் அமைச்சர்களே அந்த 'கரியுஷி' உடையில் அமைச்சரவைக் கூட்டத்துக்கு வருகிறார்கள். வெயில் நாட்டில் கம்பளிக் கோட்டுக்கு வேலை இல்லை என்று உற்பத்தியாளர்கள் தங்கள் லாபத்துக்காகச் சொல்லியிருந்தாலும், சொன்னது நியாயம். அந்த வகையில் அலோஹா சட்டையைக் கொண்டாடத் தயங்க வேண்டியதில்லை.

சிக்கல் துணியின் மேல் உள்ள படத்தில் இருக்கிறது. ஹவாய்ச் சட்டை என்றதும் நினைவுக்கு வரும் ஈழத்தலரி 1860-ல் ஒரு ஜெர்மானிய மருத்துவர் கொண்டுவந்து நட்ட செடி. அன்னாசி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. மாநிலப் பூவாக 1988-ல் அறிவிக்கப்பட்டது உள்ளூர் மஞ்சள் செம்பருத்தி. அது காட்டில் அருகிப்போய்க் கொண்டிருக்கிறது. சட்டையில் பெரிதாகப் பூத்திருப்பதோ பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து கலப்பான சிவப்புச் செம்பருத்தி. வந்தேறிப் பூ என்பதால் அதை ஒதுக்க வேண்டும் என்பதல்ல வாதம். அதை நேசித்து வளர்த்தவர்களும் அந்த ஊர்க்காரர்களே. ஆனால் ஒரு மண்ணின் பெயரைச் சொல்லி விற்கும்போது, அந்த மண்ணில் முளைத்தது ஒன்றுகூட அதில் இல்லை என்றால் கேள்வி வரத்தான் செய்யும்.

பூர்வகுடி ஹவாய் மக்களுக்கு இலை வெறும் இலை அல்ல. சேம்பை எடுத்துக்கொள்ளலாம். அவர்களுடைய மரபுக் கதையில், இறந்தே பிறந்த மூத்த குழந்தையைப் புதைத்த இடத்தில் முளைத்தது சேம்பு. அடுத்துப் பிறந்த தம்பியின் வழியில் வந்தவர்கள் மனிதர்கள். சேம்பிலையைத் துணியில் வரைவது அண்ணனின் முகத்தை வரைவதற்குச் சமம். சீனத்திலோ வங்கதேசத்திலோ ஏதோ ஆலையில் கணினியில் கிடைத்த இலைப் படத்தை ஒட்டி அச்சடிப்பவருக்கு இது தெரிய நியாயமில்லை. தெரியாததால் ஏற்படும் நஷ்டம் அவருடையதும் இல்லை.

இதற்கு மாற்று கற்பனை அல்ல, கண்முன்னே நடக்கிறது. ஹிலோ நகரத்தில் 1985 முதல் கடை நடத்தும் சிக் ஸேன், தீவின் செடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் கதையோடு சேர்த்தே துணியில் வரைகிறார். அவர் மனைவி நாலானி கனகாஒலே ஹூலா நடன ஆசானாக விளங்கியவர். நடனப் பாடலில் வரும் செடிதான் கடையில் துணியாகிறது. 2017-ல் ஹவாயன் ஏர்லைன்ஸ் ஊழியர்களின் சீருடையை வடிவமைத்தவர்களும் சிக் ஸேனும் அவர் மகனுமே. அதில் சிவந்த லெஹுவா பூவும் மூங்கில் அச்சின் கோலமும் இருந்தன. அழிந்துபோன கப்பாவை 1970-களுக்குப் பிறகு புவானானி வான் டோர்ப் போன்றவர்கள் அருங்காட்சியகத் துண்டுகளைப் பார்த்துப் பார்த்து மீட்டெடுத்தார்கள். ஆண்டுதோறும் ஹிலோவில் மெர்ரி மொனார்க் ஹூலா விழா நடக்கும்போது உள்ளூர் வடிவமைப்பாளர்களின் புதுத் துணிக்கு மக்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

எல்லோரும் கலந்து செய்த சட்டைக்குத் தனிச் சொந்தக்காரர் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. சட்டையின் வெட்டுக்கும் தையலுக்கும் அது பொருந்தும். பெயருக்குப் பொருந்தாது. 2018-ல் சிகாகோவைச் சேர்ந்த ஓர் உணவக நிறுவனம், 'அலோஹா' என்ற சொல்லைக் கடைப் பெயரில் வைத்திருந்த சிறு வியாபாரிகளுக்கு, அதை நீக்கச் சொல்லி வக்கீல் கடிதம் அனுப்பியது. கடிதம் கிடைத்தவர்களில் பூர்வகுடி ஹவாயர்களும் இருந்தார்கள். தங்கள் மொழியின் வணக்கத்தைத் தாங்களே பயன்படுத்த அனுமதி கேட்கும் நிலை. 2020-ல் அமெரிக்க நகரங்களில் துப்பாக்கியோடு திரிந்த தீவிரவாதக் குழுக்கள் பூப்போட்ட சட்டையைத் தங்கள் சீருடையாக்கிக்கொண்டபோதும் அந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

'ஹவாயில் தயாரானது' என்று சீட்டு ஒட்ட வேண்டுமானால், பொருளின் மொத்த விற்பனை மதிப்பில் குறைந்தது 51 சதவீதம் அங்கே சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்று அந்த மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. தையல் கூலிக்கும் துணி விலைக்கும் கணக்குப் பார்க்கும் சட்டம், படத்தைக் கண்டுகொள்வதில்லை. காலருக்குள் தைக்கும் துண்டுத் துணியில் அளவும் சலவைக் குறிப்பும் போக இடம் மிச்சம் இருக்கிறது. வரைந்தவர் பெயரையும் செடியின் பெயரையும் அங்கே அச்சிட வேண்டும் என்று ஹவாய் சட்டமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவரலாம். அது வரும்வரை, கடற்கரைப் பயணத்துக்கு ஒரு பூப்போட்ட சட்டை வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் இது யார் வரைந்தது என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.